எழுதுபவர் வேறு, பொறுப்பாளி வேறு: நிர்வாகக் குழுவில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்



கம்பெனி, இயக்குநர் குழு என்றாலே அது பெரிய முதலாளிகளின் விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் தஞ்சை மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால், 1904இல் கும்பகோணத்தில் தொடங்கி இன்று நாடு முழுவதும் கிளை பரப்பியிருக்கும் சிட்டி யூனியன் வங்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. சபுராளி மகன் அனுப்பிய பணத்தில் தொடங்கி, பிரைவேட் லிமிடெட் என்று பதிவு செய்த அரிசி ஆலை ஒரு கம்பெனி. குறுவையும் சம்பாவும் தாளடியும் போடும் விவசாயிகள் பங்குப் பணம் போட்டுச் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு கம்பெனி. கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கமில்லாமல் பதிவு செய்த கல்வி, மருத்துவ உதவி அமைப்பும் ஒரு கம்பெனிதான். இவை ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் குழு உண்டு. அந்தக் குழுவில் நம் வாப்பா, உம்மா, மாமா, மச்சான், மருமகள் என்று யாராவது ஒருவர் பெயர் இருக்கும்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது 2 இயக்குநர்கள் வேண்டும் என்பது சட்டம். அதற்காக மனைவியின் பெயரையோ தம்பியின் பெயரையோ சேர்த்து விடுகிறார்கள். ஆங்கிலத்தில் பத்துப் பக்கக் காகிதம் வரும். ‘இந்த இடத்தில் ஒரு கையெழுத்து’ என்று விரலால் காட்டுவார்கள். படித்துப் பார்க்க நேரமுமில்லை, மொழியும் புரிவதில்லை. கையெழுத்து விழுந்துவிடுகிறது.

இதன் விலை என்ன என்று 2017இல் நாடே பார்த்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்கு அறிக்கை தாக்கல் செய்யாத கம்பெனிகளின் இயக்குநர்கள் 3 லட்சத்துக்கும் அதிகமானோரை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம் தகுதி நீக்கம் செய்தது. அப்படித் தகுதி இழந்தவர் 5 ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக நியமனம் பெற முடியாது. பெயருக்கு இருந்தவர், உண்மையில் நடத்தியவர் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இப்போது கைப்பேசியிலேயே சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்துவிட்டன. ஆங்கிலக் காகிதத்தைக் கொடுத்தால் தமிழில் விளக்குகின்றன. கேள்வி கேட்டால் பதில் சொல்கின்றன. கூட்டத்தில் பேசியதை எழுத்தாக்குகின்றன. படிக்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு இது பெரிய வாய்ப்பு. அதே நேரத்தில், ‘அதுவே எல்லாம் பார்த்துக்கொள்ளும்’ என்று இன்னொரு முறை படிக்காமல் கையெழுத்துப் போடவும் இதுவே வழியாகிவிடலாம். இந்த உதவியாளரை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதே இம்மாதப் பாடம்.

மூன்று இருக்கைகள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை; தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதில் மூன்று பேருக்குத் தனித்தனி வேலை இருப்பதைக் கவனியுங்கள். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார்மீது கடமை இருக்கிறதோ அவர். சாட்சிகள் உடனிருந்து உறுதி செய்ய வேண்டும். எழுதத் தெரிந்தவர் என்பதற்காக எழுத்தர் கடனாளியின் இடத்தில் உட்காருவதில்லை. எழுதத் தெரியாது என்பதற்காகக் கடனாளி தன் பொறுப்பிலிருந்து விலகுவதும் இல்லை.

நிர்வாகக் குழுவுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எழுத்தர் இருக்கையில் உட்காரலாம். சொல்லிக்கொடுப்பவர், அதாவது முடிவெடுப்பவர், இயக்குநர்தான். சாட்சி இருக்கையிலும் மனிதரே இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே கருவியிடம் கொடுத்துவிட்டால் அங்கே மஷூராவும் இல்லை, அமானத்தும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் இதே வரிசையில்தான் இருக்கிறது. 149ஆம் பிரிவின்படி இயக்குநர் குழுவில் தனி மனிதர்கள்தான் இருக்க முடியும். இன்னொரு நிறுவனம்கூட இயக்குநராக முடியாது. கருவிக்கு இடமே இல்லை. 166ஆம் பிரிவு, இயக்குநர் உரிய கவனத்தோடும் திறமையோடும் தன் சொந்த அறிவைப் பயன்படுத்தியும் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. தன் பதவியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் அது செல்லாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மீறினால் 1 லட்சம் ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே ‘ஏஐ சொன்னது, நான் போட்டேன்’ என்பது, ‘கணக்குப்பிள்ளை சொன்னார், நான் போட்டேன்’ என்பதைப் போலத்தான். இரண்டும் பதிலாகாது.

வளைகுடாவில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் அபுதாபியில், இன்டர்நேஷனல் ஹோல்டிங் கம்பெனி என்ற பெரிய நிறுவனம் 2024இல் ‘எய்டன் இன்சைட்’ என்ற செயற்கை நுண்ணறிவை இயக்குநர் குழுவில் உட்கார வைத்தது. செய்தி உலகமெங்கும் போனது. ஆனால் அதற்குக் கொடுத்தது பார்வையாளர் இடம் மட்டுமே, வாக்குரிமை கொடுக்கவில்லை. அவ்வளவு வசதி படைத்தவர்களே எழுத்தருக்கும் முடிவெடுப்பவருக்கும் நடுவில் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

கூட்டத்துக்கு முன்: கேள்வி தயாரிக்க உதவி

உதவியாளரின் மிகப் பெரிய பயன் கூட்டத்துக்கு முந்திய நாட்களில் இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். இது பாடத்துக்காக நாம் கற்பனை செய்த கணக்கு.

ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் விற்பனை 80 லட்சம், லாபம் 3 லட்சம் என்று இருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். இயக்குநராக இருக்கும் ஒரு சகோதரி அந்தக் காகிதத்தின் எண்களை, ஆட்களின் பெயர்களை நீக்கிவிட்டு, உதவியாளரிடம் கொடுத்து இப்படிக் கேட்கிறார்: ‘கணக்குத் தெரியாத ஒருவருக்குப் புரியும் தமிழில் சொல். சென்ற ஆண்டைவிட எது அதிகம் மாறியிருக்கிறது? இதைப் பார்த்து நான் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் என்ன?’

வியாபாரிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி 6 லட்சத்திலிருந்து 19 லட்சமாகக் கூடியிருக்கிறது என்று அது காட்டுகிறது. அதாவது ஏட்டில் 3 லட்சம் லாபம் இருந்தாலும், இந்த ஆண்டு மட்டும் 13 லட்சம் கூடுதலாக வெளியே நிற்கிறது. உடனே கேள்விகள் பிறக்கின்றன. அந்தப் பாக்கி எத்தனை பேரிடம் இருக்கிறது? எத்தனை மாதமாக நிற்கிறது? கடனுக்குக் கொடுக்கலாம் என்று எந்தக் கூட்டத்தில் முடிவானது? வாங்கியவர்களில் இயக்குநர்களின் உறவினர் உண்டா? திரும்பி வராவிட்டால் அடுத்த சாகுபடிக்கு விதைநெல்லும் உரமும் எதில் வாங்குவது?

இந்தச் சகோதரி கணக்குப் படித்தவர் அல்ல. ஆனால் ஐந்து நல்ல கேள்விகளோடு கூட்டத்துக்குப் போகிறார். இதுதான் உதவி. கவனியுங்கள்: உதவியாளர் கொடுத்தது கேள்விகளை. பதில் தலைமைச் செயல் அலுவலரிடமும், ஏட்டிலும், குடோனில் அடுக்கியிருக்கும் மூட்டையிலும்தான் இருக்கிறது.

சபுரில் இருக்கும் இயக்குநர்களுக்கும் இது உதவும். காணொளி வழியாகக் கூட்டத்தில் கலந்துகொள்ளக் கம்பெனிச் சட்டம் இடம் தருகிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை முடிந்து வருபவர் அஜெண்டாவை அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டு கூட்டத்தில் உட்காரலாம். வெறுமனே தலையாட்ட வேண்டியதில்லை.

கூட்டத்துக்குப் பின்: மினிட்டு எழுதுவது

கூட்ட நடவடிக்கைக் குறிப்பை, நாம் மினிட்டு என்று சொல்வதை, கூட்டம் முடிந்து 30 நாட்களுக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பது 118ஆம் பிரிவு. வந்திருந்தவர்கள் பெயரும், தீர்மானத்தை ஏற்காதவர்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும். மினிட்டைத் திருத்தி மோசடி செய்தால் சிறைத் தண்டனை வரை உண்டு.

பல இடங்களில் மினிட்டு மாதக்கணக்கில் எழுதாமல் கிடக்கிறது. பிறகு ஒரே நாளில் நான்கு கூட்டங்களுக்கு எழுதுகிறார்கள். இங்கே உதவியாளர் கை கொடுக்கும். செயலாளர் குறித்து வைத்த துண்டுக் குறிப்புகளைக் கொடுத்தால் அன்றே ஒழுங்கான வரைவு கிடைக்கும். முந்தைய தீர்மானங்களில் எது நிறைவேறியது, எது நிலுவை என்று பட்டியலும் போடும்.

ஆனால் நம் பேச்சுத் தமிழை அது எப்படிக் கேட்கிறது என்பதில் எச்சரிக்கை வேண்டும். ‘அவர் கடனைத் தள்ளி வைப்போம்’ என்று ஒருவர் சொன்னது ‘தள்ளுபடி செய்வோம்’ என்று எழுத்தில் வந்தால் என்ன ஆகும்? தவணை நீட்டிப்பு கடன் நீக்கமாகிவிடும். ‘மூணு மா’ நிலம் ‘மூணு மாசம்’ என்று விழுந்தால் குத்தகைப் பேச்சே மாறிவிடும். எனவே வரைவைச் சபையில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் ஒவ்வொரு தொகையையும் தேதியையும் பெயரையும் சரிபார்க்க வேண்டும். அவர்கள்தான் இங்கே சாட்சிகள்.

எங்கே வழுக்கும்?

முதலாவது, பொதுவான விதியைச் சொல்லி நம் விதியை விட்டுவிடும். 5 இயக்குநர்கள் உள்ள கம்பெனியில் கூட்டம் நடத்த எத்தனை பேர் வர வேண்டும் என்று கேட்டால், பொதுச் சட்டத்தைப் பார்த்து ‘2 பேர் போதும்’ என்று பதில் வரலாம். சாதாரண பிரைவேட் கம்பெனிக்கு அது சரி. ஆனால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. அதன்படி மூன்றில் ஒரு பங்கு, ஆனால் எந்நிலையிலும் 3 பேருக்குக் குறையக் கூடாது. 2 பேரை வைத்து டிராக்டர் வாங்கத் தீர்மானம் போட்டால் அது நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும் என்பதும் இந்த நிறுவனங்களுக்கு உள்ள தனி விதிதான். ஆகவே கேட்கும்போதே நம் நிறுவனம் எந்த வகை என்று சொல்லிக் கேட்க வேண்டும். வந்த பதிலைச் சட்டப் புத்தகத்திலோ ஆடிட்டரிடமோ சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, இல்லாததை இருப்பதுபோல் எழுதும். 2025இல் ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் என்ற உலகப் புகழ்பெற்ற ஆலோசனை நிறுவனம் ஏறக்குறைய 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் கொடுத்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகப் பொய்யான மேற்கோளும் இருந்தன. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தித் தயாரித்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே சரிபார்க்காமல் போனதால் வந்தது இது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அந்தச் செய்தி மனிதன் வாயிலிருந்து வந்தாலும் கைப்பேசித் திரையிலிருந்து வந்தாலும் கடமை ஒன்றுதான்.

மூன்றாவது, கொடுத்த காகிதம் பொய்யாக இருந்தால் அதன் சுருக்கமும் பொய்யாகவே இருக்கும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் சுமார் 7,000 கோடி ரூபாய் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய 5,000 கோடிக்கும் அதிகமான பணம் அங்கே இல்லவே இல்லை. அந்த இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் உட்படப் பெரிய மேதைகள் இருந்தார்கள். அவர்களிடம் இன்றைய உதவியாளர் இருந்திருந்தாலும், அந்தப் பொய்க் கணக்கை அழகாகச் சுருக்கித்தான் கொடுத்திருக்கும். வங்கியை நேரடியாகக் கேட்பதும், குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணுவதும் மனிதன் செய்ய வேண்டிய வேலை.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சிட்டி யூனியன் வங்கியின் வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற வழியில் திருடர்கள் புகுந்து ஏறக்குறைய 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். வங்கி அனுப்பியதையும் வெளியே போனதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமான கணக்குச் சரிபார்ப்பில்தான் அது வெளிப்பட்டது. மூன்று பரிமாற்றங்களில் ஒன்றைத் தடுக்கவும் முடிந்தது. தினசரிச் சரிபார்ப்பு என்ற பழைய ஒழுங்குதான் அங்கே காவலாக நின்றது.

நான்காவது, ரகசியம் வெளியே போகும். 2023இல் சாம்சங் நிறுவன ஊழியர்கள் கம்பெனியின் உள் விவரங்களைச் சாட்ஜிபிடியில் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு நிறுவனம் அத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. சபையில் பேசியது அமானத் என்பது நம் பெரியவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். பங்குதாரரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், யாருக்கு எவ்வளவு கடன் என்ற விவரம், உதவி கேட்டு வந்த விதவையின் பெயர் ஆகிய எதையும் இலவசக் கருவியில் ஏற்றக் கூடாது. தனிநபர் தகவலைப் பாதுகாக்க 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

குழு போட வேண்டிய ஒரு தீர்மானம்

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் செயற்கை நுண்ணறிவை எப்படிக் கையாள வேண்டும் என்று ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கை ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும், பயன்படுத்தும் நிறுவனமே விளைவுக்குப் பொறுப்பு என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். பெரிய வங்கிக்குப் பெரிய கொள்கை வேண்டும். நம் அளவுக்கு அரைப் பக்கத் தீர்மானம் போதும். அதில் இவை இருக்கட்டும்:

1. எந்தெந்த வேலைக்கு உதவியாளரைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல்: மொழிபெயர்ப்பு, சுருக்கம், கேள்வி தயாரிப்பு, மினிட்டு வரைவு, தேதி நினைவூட்டல்.

2. எதை அதில் ஏற்றக் கூடாது என்ற பட்டியல்.

3. உதவியாளர் தயாரித்த காகிதத்தின் தலைப்பில் அதைக் குறிப்பிட வேண்டும். சரிபார்த்தவர் பெயரும் இருக்க வேண்டும்.

4. கடன் கொடுப்பது, ஆள் எடுப்பது, ஆளை நீக்குவது, சொத்து வாங்குவது விற்பது ஆகியவற்றில் முடிவு சபையில் பேசித்தான் எடுக்க வேண்டும். காரணமும் மினிட்டில் இருக்க வேண்டும்.

5. காகிதம் புரியவில்லை என்று ஓர் இயக்குநர் சொன்னால், புரியும்வரை அந்தப் பொருளைத் தள்ளி வைக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கருவி எவ்வளவு விளக்கினாலும், சபையில் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லும் தைரியத்தை அது தராது. அந்தத் தைரியத்துக்கு இடம் கொடுக்க வேண்டியது தலைவர். பெண் இயக்குநர்கள் பேசும்போது ‘அது உங்களுக்கு எதுக்கு’ என்று வெட்டிவிடும் சபையில் எந்த உதவியாளரை வைத்தும் பயனில்லை.

ஜமாஅத் நிர்வாகம், பைத்துல்மால், மதரஸா குழு ஆகியவற்றுக்குக் கம்பெனிச் சட்டம் பொருந்தாது. அவற்றின் சட்டங்கள் வேறு. ஆனால் மூன்று இருக்கைகளின் ஒழுங்கு அங்கேயும் அதேதான். அங்கே கையாளப்படுவது ஏழைகளின் உரிமையான ஜகாத் பணம் என்பதால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் யார் யார் எந்த நிறுவனத்தில், எந்தக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறோம்? அதன் கடைசி ஆண்டுக் கணக்கைப் பார்த்திருக்கிறோமா?

2. கடைசியாகக் கையெழுத்திட்ட காகிதத்தில் என்ன இருந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்ல முடியுமா?

3. அந்தக் காகிதத்தை வைத்து இன்று கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் என்ன? படித்த பிள்ளைகளின் உதவியோடு, பெயர்களையும் எண்களையும் மறைத்து, உதவியாளரிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு ஆடிட்டரிடம் கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

4. நம் குழுவில் எழுதுபவர் யார், முடிவெடுப்பவர் யார், சரிபார்ப்பவர் யார்? மூன்றும் ஒரே ஆளா?

மறுமையில் நம் ஏடு திறக்கும்போது, அதில் இருப்பது நம் கை செய்தது. ‘வேறு யாரோ படித்துச் சொன்னார்கள்’ என்று அங்கே சொல்ல முடியாது. கிடைத்திருக்கும் புதிய வசதியைப் பயன்படுத்தி, இதுவரை புரியாமல் போட்ட கையெழுத்தை இனிப் புரிந்து போடுவோம். ஒப்படைக்கப்பட்ட அமானத்தை உரிய முறையில் நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.